மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது

"அக்கா, பாஸ்வேர்டு மாத்துற மெயிலு வரவே மாட்டேங்குதுக்கா" என்று அவள் முதல் முறை ஃபோன் செய்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாரத்துக்கு நாலு பேராவது இதே புகாரோடு வருவார்கள். ஸ்பேமில் பார்த்தாயா என்றால் ஸ்பேம் என்றால் என்ன என்பார்கள். பார்த்தால் அங்கேதான் கிடக்கும்.

அறந்தாங்கியில் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். அதோடு ஒரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைக்கிற, பலகாரம் போடுகிற, டியூஷன் எடுக்கிற நம் மாவட்டத்துப் பெண்களுக்காக ஓர் இணையதளம். பெண் தன் பெயரையும் தொழிலையும் போட்டு வைப்பாள். வேண்டியவர்கள் தளத்தின் வழியே ஆர்டர் கொடுப்பார்கள். அவளுடைய முகவரியும் ஃபோன் நம்பரும் வெளியே தெரியாது. அவள் உள்ளே நுழைந்து பார்த்தால் அவளுக்குத் தெரியும், நிர்வாகி என்ற முறையில் எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அதில் எனக்குப் பெருமை அதிகம். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் கோட்டை விடுகிற இடத்தில் நான் கோட்டை கட்டிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஃபோன் செய்தவள் என்னிடம் டேலி படித்த பெண். படித்தபோதே தளத்தில் சேர்ந்து பிளவுஸ் ஆர்டர் எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோட்டைப்பட்டினம் பக்கம் ஐஸ் பிளாண்ட்டில் வேலை பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு பேச்சில்லை. கல்யாணமானால் எல்லோரும் மறப்பதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

"இருங்கக்கா, ஃபோன இந்தக் காதுக்கு மாத்திக்கிறேன். இடது காது சரியாக் கேக்காது" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அவரு அடிச்சதுல போயிருச்சு. எட்டு மாசமாச்சுக்கா அங்கிட்டுருந்து வந்து. இப்ப அன்னவாசல்ல ஒரு மாடி ரூம்ல இருக்கேன். மிஷின் ஒண்ணு செகண்ட்ஸ்ல வாங்கிட்டேன். நம்ம சைட்டத் தொறந்துட்டா ஆர்டர் வரும்ல, அதான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா இந்தத் தடவ காதோட போகாது. அட்ரஸ் வெளிய தெரியாதுல்ல?"

"உன் பாஸ்வேர்டு இல்லாம ஈ எறும்பு உள்ள போக முடியாது. நான் கட்டுன சைட்டு" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லது. மெயில் எப்போது வருமோ, அதுவரை இந்தப் பெண் ஆர்டர் இல்லாமல் உட்கார வேண்டுமா என்று என் மனசு உருகியது. அவளிடம் கேட்டு, 'அன்னவாசல், தண்ணீர் டேங்க் பக்கம், மாடி அறை' என்று முகவரியையும் புது ஃபோன் நம்பரையும் நானே உள்ளிருந்து அவள் கணக்கில் ஏற்றினேன். இரண்டும் இருந்தால்தான் தளம் ஆர்டர் விடும். அன்று சாயங்காலமே அவள் ஃபோனுக்கு ஒரு பிளவுஸ் ஆர்டர் போயிற்று. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நானே ஒரு புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். கொடுக்க மாட்டேன். பாஸ்வேர்டு அவரவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், நிர்வாகிக்கும் தெரியக் கூடாது என்று விதி போட்டவளே நான்தான். அதனால் மெயில் போனால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாக நின்றேன்.

திங்கட்கிழமை மூன்று முறை அனுப்பினேன். வரவில்லை. ஸ்பேமில் இல்லை, விளம்பர மெயில்களுக்குள் இல்லை, பெட்டியும் நிறைந்திருக்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ஆரம்பித்த மெயில் அது, அதன் பாஸ்வேர்டு மட்டும் மனப்பாடமாக இருந்ததால் புது ஃபோனிலும் திறந்துவிட்டேன் என்றாள். செவ்வாய்க்கிழமை மேலும் இரண்டு முறை. கிணற்றில் போட்ட கல்தான். எங்கள் தளம் மெயில் அனுப்பியதும், எந்த முகவரிக்கு அனுப்பியது என்பதைத் திரையில் காட்டும். முழுசாகக் காட்டாது, முதல் மூன்று எழுத்து, அப்புறம் வரிசையாக நட்சத்திரக் குறிகள். பாதுகாப்புக்காக நான் செய்த ஏற்பாடு. அவள் பெயரின் முதல் மூன்று எழுத்தும் சரியாக இருந்தன. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன், சரிதான் என்றோம்.

மெயில்களை அனுப்பித் தருகிற சேவைக்குள் போய்ப் பார்த்தேன். ஐந்து மெயிலுக்கும் நேராக 'சேர்ந்தது' என்று பச்சையாக எழுதியிருந்தது. பெறுகிறவளோ வரவில்லை என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. பொண்ணுக்கு மெயில் பார்க்கத் தெரியவில்லை, மறந்திருப்பாள், அடி வாங்கி வாங்கிக் குழம்பியிருப்பாள் என்றுகூட நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் சென்டரைத் திறந்ததும் ஆறாவது முறையாக அனுப்பிவிட்டு அவளை அழைத்தேன். "வந்துச்சா?"

"இல்லக்கா."

"ஒன் மெயில் ஐடிய எழுத்து எழுத்தாச் சொல்லு."

பெயரைச் சொல்லி, "அதுக்கப்பறம் எஸ், அப்பா இன்ஷியலு" என்றாள். என்னுடைய சொந்த மெயிலிலிருந்து அந்த முகவரிக்கு 'சோதனை' என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன். "வந்துருச்சுக்கா, வந்துருச்சு!" என்று கத்தினாள். அவள் பெட்டியில் கோளாறு இல்லை. சேவையிலும் கோளாறு இல்லை. அப்படியானால் ஆறு மெயிலும் எங்கே போய்ச் சேர்ந்தன?

அவளிடம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பதினொரு மணிக்குப் படிக்கிற பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தளத்தின் அடிவயிற்றுக்குள் போய், நட்சத்திரம் இல்லாமல் அவள் மெயில் முகவரியைத் திறந்து பார்த்தேன். பெயர் சரி. பெயருக்குப் பின்னால் எஸ் இல்லை. கே இருந்தது.

கே யாருடைய எழுத்து என்பது எனக்கு ஒரு நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சேர்ந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பூச்செண்டுப் படம் போட்டு வாழ்த்துவோம். அதோடு அவள் பெயரிலுள்ள அப்பா இன்ஷியலை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் இன்ஷியலைப் போட்டுக் கொடுப்போம். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இவள் கல்யாணத்துக்குப் பத்து நாள் கழித்து இவள் புருஷன் ஃபோன் செய்தான். "மேடம், வாழ்த்துப் போட்டதுக்கு நன்றிங்க. இன்ஷியல் மாத்துனீங்கள்ல, அப்படியே மெயிலும் மாத்திருங்க. புது இன்ஷியல்ல அவங்களுக்கு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன்" என்று சொல்லி முகவரி கொடுத்தான். என்ன பொறுப்பான மாப்பிள்ளை என்று நினைத்தேன். மாற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமான பெண்ணின் இன்ஷியலை மாற்றுவதற்கு அந்தப் பெண்ணிடம் எதற்குக் கேட்க வேண்டும்? என் இன்ஷியலையும் அப்படித்தான் மாற்றினார்கள், என்னையும் யாரும் கேட்கவில்லை.

ஒரு மெயிலும் தொலையவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒன்று விடாமல் அவனுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எட்டு மாதமாக எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் இருந்தவனுக்கு, நான் ஆறு முறை தகவல் சொல்லி, கூடவே கதவைத் திறக்கிற சாவியையும் அனுப்பியிருக்கிறேன்.

யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்பதைக் காட்டும் பட்டியலைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். அன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், முந்தின நாள் நான் அனுப்பிய மெயிலின் வழியாகப் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருந்தது. அடுத்து முகவரிப் பக்கம் திறக்கப்பட்டிருந்தது. நான் என் கையால் ஏற்றிய முகவரி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது அவள் வீட்டு வாசல்வரை போயிருந்தது.

முகவரியை அழித்தேன், அவனை வெளியே தள்ளினேன், கணக்கையே மூடினேன். பார்த்த கண்ணிலிருந்து எதை அழிக்க முடியும்? அவளுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மிஷின் ஓடினால் அவளுக்கு ஒரு காதில் மணி கேட்பது கஷ்டம். மறுபடி போட்டேன். நாலாவது முறை போட்டுக்கொண்டிருந்தபோது சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான்.

இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பழப் பை. கல்யாண ஃபோட்டோவில் பார்த்த முகம். நான் அழைப்பைத் துண்டித்து ஃபோனை மேசை மேல் வைத்தேன்.

"வணக்கம் மேடம். என்னயத் தெரியுதுங்களா?" என்று சொல்லிக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பழப் பையை என் பக்கம் நகர்த்தினான். "நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் எறங்குனேன். நீங்க இவ்வளவு தூரம் மெனக்கெட்டு மெயில் மேல மெயிலா அனுப்பியிருக்கீங்க. வாயால சொல்ல முடியாததாலதான இப்படி அனுப்புறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஒரு குடும்பத்தச் சேத்து வச்ச புண்ணியம் ஒங்களுக்கு."

என்னை அவன் தன் கூட்டாளியாக நினைத்து வந்திருக்கிறான். அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ஃபோன் நம்பரும் இருந்துச்சு. அடிக்கல மேடம். அடிச்சா வேற எங்கிட்டாச்சும் போயிருவா" என்றான். "தண்ணி டேங்க் பக்கம்னு போட்டிருக்கு. அன்னவாசல்ல நம்மாளு ஒருத்தன்ட்ட கேட்டேன், ரெண்டு டேங்க் இருக்குங்கறான். எந்த டேங்க்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா…"

அவன் சொல்லி முடிப்பதற்குள் மேசை மேல் இருந்த என் ஃபோன் அடித்தது. அவள் நம்பரை நான் பெயர் போட்டுப் பதியவில்லை. வெறும் எண்ணாகத் திரையில் மின்னியது. அந்த எண்ணைத்தான் காலையில் அவன் பார்த்திருக்கிறான். உள்ளங்கையால் திரையை மூடினேன். அதற்குள் அவன் பார்வை அதன்மேல் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எடுங்க மேடம், பரவால்ல. நான் இருக்கேன்" என்றான்.

எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். எடுத்தேன். "வணக்கங்க, கம்ப்யூட்டர் சென்டருங்க."

"அக்கா, நாந்தான்க்கா. இத்தன தடவ கூப்புட்டிருக்கீங்க. மெயிலு வந்துருச்சாக்கா?" பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. ஃபோனை இறுக்கிக் காதோடு அழுத்திக்கொண்டேன், அவள் குரல் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று.

"ஒங்க சர்டிபிகேட் விஷயங்களா? அது மாறிப் போயிருச்சுங்க. இன்ஷியல் தப்பு. அப்பா இன்ஷியல் விழலைங்க."

மிஷின் சத்தம் நின்றது.

"ஆமாங்க, சார் இங்கதான் வந்திருக்காரு. நீங்க இன்னைக்கு அறந்தாங்கிப் பக்கம் வராதீங்க. வேற சென்டருக்குப் போயிருங்க. இன்னைக்கே போயிருங்க."

பிறகு, "எவ்வளவு நேரம்க்கா இருக்கு?" என்றாள்.

"ஒன்றரை மணி நேரக் கோர்சுங்க" என்றேன். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை, புதுக்கோட்டையில் பஸ் மாறி அன்னவாசல். எப்படிப் பறந்தாலும் அதற்குக் குறையாது. அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

"படிக்கற பொண்ணுங்களா?" என்று கேட்டான்.

"ஆமாங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அந்த முகவரி பழசு, அவள் திருச்சிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி என்றேன். அவன் சிரித்தான். சரி, கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறேன் என்று திரையைத் திறந்தேன். சர்வர் ஸ்லோ என்றேன். டீ சொல்லட்டுமா என்றேன். எதை எதையோ தட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாக நெட் வேகமாக இருந்ததற்காக அதைச் சபித்தேன். அவன் அவசரப்படவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தான். ஒரு முறை மட்டும், "அவ கைராசிக்காரி மேடம், நல்லாத் தைப்பா. பிடிவாதந்தான் ஜாஸ்தி. சொல்லித் திருத்திக்கலாம்" என்றான். சொல்லி என்பதை அழுத்திச் சொன்னான்.

இருபத்தைந்து நிமிஷம் இழுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. "வேணாம் மேடம், ஒங்களுக்கு எதுக்குச் செரமம். ரெண்டு டேங்க்தான, ரெண்டையும் பாத்துக்கறேன்" என்று எழுந்தான். கதவருகே நின்று கும்பிட்டான். பழப் பையை நான் தொடவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

அவளை அழைத்தேன். ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது. மிஷினைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டு, வெட்டி வைத்த துணியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ, நானும் வந்துவிடுகிறேன் என்றேன். "வேணாம்க்கா. போன தடவ ஸ்டேஷன்லயே ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒக்காந்து பேசித்தான் திரும்ப அனுப்பி வச்சாங்க. மறுபடி பேச ஆரம்பிச்சுருவாங்க. நான் போறேன்க்கா" என்றாள். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பஸ் வந்துவிட்டது என்று துண்டித்தாள். அந்த நம்பரில் அதன் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் அன்னவாசல் போனேன். முதல் டேங்க் பக்கம் விசாரித்தேன். அவள் இருந்தது இரண்டாவது டேங்க் பக்கம். வீட்டுக்கார அம்மாவிடம் அவன் மரியாதையாகப் பேசியிருக்கிறான். "ஏஞ் சம்சாரந்தாங்க, சின்ன மனஸ்தாபம்" என்று சொல்லி மாடி அறையைத் திறக்கச் சொல்லி, மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருக்கிறான். போகும்போது நூல்கண்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனானாம். "நல்ல பையனாத்தான் தெரியுது. இவளுக்கு என்ன கேடு?" என்று என்னிடம் கேட்டார் அந்த அம்மா. நான் அவளுடைய காதைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிப் போயிற்று.

அந்த வாரம் முழுக்க, நான் இன்ஷியல் மாற்றிய ஒவ்வொரு பெண்ணையும் அழைத்தேன். உன் மெயில் உன் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள். "மெயிலெல்லாம் அவுக ஃபோன்லதான் இருக்குங்க்கா, அதுக்கென்ன இப்ப?" என்றார்கள். என்ன என்று சொல்ல முடியாமல் ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தேன். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தார்கள்.

தெரியாத நம்பர் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். கண்ணாடிக் கதவு திறந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். அவன் இன்னும் இரண்டு முறை வந்தான், இரண்டு முறையும் பழத்தோடு. ஏதாவது தகவல் உண்டா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனான். இல்லை என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா" என்ற உடனேயே கண்டுகொண்டேன். உயிரோடு இருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம், ஒன்று இல்லை, பல மிஷின்கள். கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாய்ப் பழக்கம், அதுவாக வந்துவிட்டது.

"எங்கம்மா இருக்க?"

மிஷின்களின் சத்தம் அமுங்கியது, ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள் போல.

"நல்லா இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.